சிங்கக் கொடியும் ஒரு தலைப்பிரசவமும்

1

நேற்று ஒருவர் எனக்கு வேலை கொண்டுவந்தார். திருகோணமலை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் சிங்களவர், நல்ல மனுஷர், தமிழும் பேசுவார். சின்னச் சின்னதாகச் சிங்கக் கொடிகள் தைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். வெள்ளைக்காரன் இந்தக் கப்பற்படைத் துறைமுகத்தை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்து வருஷம் ஒன்று ஆகிறதாம், கடைக்குத் தோரணம் கட்டவேண்டுமாம். தமிழர் கடைகளும் கட்டுமா என்று நான் கேட்கவில்லை. இந்த வருஷம் நடந்த சிங்களர் தமிழர் கலவரத்துக்குப் பிறகு அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை என் மகள் சரோஜா இந்தியாவுக்குப் போகிறாள். போகிறாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உண்மையில் அனுப்புகிறார்கள். பதினாறு வயசுப் பெண், மூன்று வயசில் இந்த ஊருக்கு வந்தவள். அவளிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது, அதனால் அவள் இங்கே இருக்கக்கூடாது. எனக்கும் என் பெண்சாதி கன்னியம்மாவுக்கும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை, அதனால் நாங்கள் எங்கேயும் போகமுடியாது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஜனங்கள் யாராவது இதை வாசித்தால் "இன்னாடா இது பேஜாரு" என்பீர்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பேஜாரு எங்கள் வீட்டில் பிறந்ததல்ல. கொழும்பிலும் டெல்லியிலும் லண்டனிலும் பிறந்து, கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

2

என் பெயர் முனுசாமி. சொந்த ஊர் கும்மிடிப்பூண்டி. அப்பா, அதாவது எங்கள் பக்கத்துப் பேச்சில் நைனா, பண்ணையில் கூலி. அந்தச் சேற்றில் கால் வைக்கமாட்டேன் என்று பழவேற்காட்டுக்கு ஓடிப்போய், அங்கே ஒரு பாயின் தையல் கடையில் மிஷின் மிதிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த ஊர் மரைக்காயர் ஒருவர் திருகோணமலையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவரோடு கப்பல் ஏறியவன்தான் நான். வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

துறைமுகத்துக்குள் எனக்குக் கிடைத்த வேலை கொடி தைப்பது. கப்பல்களுக்கு எத்தனை கொடி வேண்டும் என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சமிக்ஞைக் கொடி, கம்பத்துக் கொடி, விருந்தாளிக் கப்பல் வரும்போது மரியாதைக்கு ஏற்றும் கொடி என்று ஒரு கூடம் நிறையத் துணி. உப்புக்காற்று ஆறு மாசத்தில் எந்த நாட்டின் மானத்தையும் நார் நாராகக் கிழித்துவிடும். அதனால் எனக்கு வேலை குறைந்ததே இல்லை.

உலக அரசியலை நான் பேப்பரில் படித்தவன் இல்லை. கிடங்கிலிருந்து எந்தத் துணி வருகிறது என்று பார்த்தால் போதும். சண்டைக் காலத்தில் அமெரிக்கக் கொடிக்கு நட்சத்திரம் வெட்டி வெட்டிக் கத்தரிக்கோல் மழுங்கியது. பிறகு இந்தியாவுக்குச் சக்கரம், பாகிஸ்தானுக்குப் பிறை. பாகிஸ்தான் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டதும் பச்சைத்துணி அதிகமாக வந்தது. இலங்கை சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கியது, நாங்கள் சீனத்துச் சோறு தின்றுகொண்டு இங்கிலீஷ்காரன் கொடியைத் தைத்தோம். சூயஸ் கால்வாயில் அவன் மூக்கு உடைபட்டதும், இவனுக்கு இனி இங்கே என்ன வேலை என்று கொழும்பு கேட்க ஆரம்பித்தது. நியாயமான கேள்விதான், நான்கூடக் கைதட்டினேன். அவன் போனால் அவனுடைய கொடித் தையற்காரன் என்ன ஆவான் என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

அந்த நாட்களில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லா நாட்டுக் கப்பல்களும் இங்கே கூடி ஒத்திகை நடத்தும். ஒரு வருஷம் இந்தியக் கப்பலிலிருந்து ஒரு பையன், கிழிந்த கொடியைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, காது வரை சிரிப்பு.

"அண்ணே, நீங்க நம்ம பக்கமாமே? நான் கவரப்பேட்டைண்ணே. கஜேந்திரன்."

அந்தப் பேச்சைக் கேட்டதும் அவனுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "எங்க ஊடு கும்மிடிப்பூண்டிய்யா. தம்பி ஏழுமலை அங்கதான் கீறான்."

"நெல்லு மிஷின்ல மூட்ட தூக்குறாரே, அவரா? அட, எங்க மாமனுக்கு தோஸ்துண்ணே அவரு!"

நான் தைத்துக்கொண்டே இருக்க, அவன் சன்னல் வழியே கடலைக் காட்டினான். "அதோ பாருண்ணே, எங்க கப்பலாண்ட நிக்குதே, பாக்கிஸ்தான் கப்பலு. காத்தால ஒண்ணா பரேடு. சாயங்காலம் ஒண்ணா புட்பாலு. ஊருக்குப் போனா அவன் நம்மள சுடணும், நாம அவன சுடணும்."

"அப்ப இங்க இன்னாத்துக்கு ஒண்ணா வெளாடுறீங்க?"

"ரஷ்யாக்காரன் வந்தா இன்னா பண்றதுன்னு சொல்லிக் குடுக்கறாங்கண்ணே."

"வர்றானா?"

"யாருக்குத் தெரியும்? வெள்ளக்காரன் வருவான்றான்." கொடியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "நீ எதுக்குண்ணே இங்க குந்திக்கினு கீற? ஊருக்கு வந்துடு. ரயில் ஏறினா வந்துடப் போற" என்றான். ரயில் ஏறினால் வந்துவிடலாம் என்றுதான் நானும் அன்றுவரை நினைத்திருந்தேன்.

3

எல்லாம் தலைப்பிரசவத்தில் ஆரம்பித்தது.

கன்னியம்மா முதல்முறை முழுகாமல் இருந்தபோது, ஊர் வழக்கப்படி அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பினேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெண் பிள்ளையை முதல் பேறுக்குப் புருஷன் வீட்டில் வைத்துக்கொண்டால் நாலு பேர் காறித் துப்புவார்கள். வளைகாப்புக்கு மாமியார் வரமுடியாததால் நானே பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு வளையல் போட்டு, கப்பல் ஏற்றிவிட்டேன். மூன்று மாசத்தில் குழந்தையோடு திரும்பிவிடுவாள் என்று கணக்கு.

ஜப்பான்காரன் வந்தான். திருகோணமலையில் குண்டு விழுந்தது. துறைமுகம் எரிந்தபோது நான் ஒரு பள்ளத்தில் குப்புறக் கிடந்தேன், அவள் இங்கே இல்லாததற்குச் சாமிக்கு நன்றி சொன்னேன். அங்கே கும்மிடிப்பூண்டியில் நடந்ததைக் கன்னியம்மா சொல்லித்தான் தெரியும். மெட்ராஸ் மேலேயும் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியாகி, ரயில் ரயிலாக ஜனங்கள் வந்து இறங்கினார்களாம். காரில் மட்டுமே போய்ப் பழகியவர்களெல்லாம் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தார்களாம்.

"அதுல ஒரு டாக்டரம்மாய்யா" என்பாள் கன்னியம்மா. "எங்க தெருப்பக்கம் காலு வைக்காத ஜாதி. குண்டுக்கு பயந்துக்கினு வந்து நெல்லு மிஷின்காரு ஊட்ல குந்திக்கினு இருந்துச்சு. எனக்கு வலி எடுத்து ரெண்டு நாளா கொழந்த வரல. எங்கம்மா போயி அது கால்ல உழுந்துச்சு. வந்துச்சுய்யா. மழைத்தண்ணில புடவைய தூக்கிச் சொருகிக்கினு வந்துச்சு. சரோஜாவ இஸ்து வெளிய போட்டதே அந்த மகராசிதான்."

அந்த அம்மாள் அதோடு விடவில்லை. மறுநாள் ஊர் மணியக்காரரை வரவழைத்து, தன் எதிரிலேயே பிறப்பை எழுத வைத்துவிட்டுப் போனாராம். எங்கள் சேரியில் பிறந்த பிள்ளைக்கு அப்படி ஒரு எழுத்து விழுந்தது அதுதான் முதல்முறை. நான் பிறந்ததை யாரும் எழுதவில்லை, கன்னியம்மா பிறந்ததையும் எழுதவில்லை. பண்ணையில் எத்தனை மாடு கன்று போட்டது என்பதற்குக் கணக்கு இருந்தது, எங்களுக்கு இல்லை.

சண்டை ஓயும்வரை குழந்தையோடு இலங்கைக்குக் கப்பல் ஏறுகிற தைரியம் அவளுக்கு வரவில்லை. வந்தபோது சரோஜாவுக்கு மூன்று வயசு. என்னைப் பார்த்து அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

4

வெள்ளைக்காரன் சுதந்திரம் கொடுத்த கையோடு, இலங்கையில் இருக்கிற இந்தியர்கள் குடியுரிமைக்கு எழுதிப்போடவேண்டும் என்று சட்டம் வந்தது. எழுதிப்போட்டேன். வருஷங்கள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கிடங்கு பெரிய கிளார்க் கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு நல்ல சிநேகிதர். மொழிபெயர்க்க அவரே கூட வந்தார்.

அதிகாரி மரியாதையானவர். டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "உன் மனைவி இந்த நாட்டில் தொடர்ந்து இருந்திருக்கிறாளா?"

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போனாள் என்றேன்.

"ஏன்? இங்கே ஆஸ்பத்திரி இல்லையா?"

"ஆஸ்பத்திரி இருந்துச்சுங்க. அவ அம்மா இல்லையே."

கந்தையா அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரிக்குப் புரியவில்லை. கையில் இருக்கிற காசைச் செலவழித்து, கர்ப்பிணியைக் கப்பலில் ஏற்றி, நல்ல ஆஸ்பத்திரி இருக்கிற ஊரிலிருந்து ஒன்றுமே இல்லாத ஊருக்கு ஒருவன் அனுப்புவானா? அப்படியானால் இவன் மனசு அந்த நாட்டில்தான் இருக்கிறது, இந்த நாட்டில் நிலைக்கிற எண்ணம் இவனுக்கு இல்லை. அவர் எழுதிக்கொண்டது அதுதான். ஓராண்டுக்கு மேல் மனைவி வெளியே இருந்திருக்கிறாள், மனு தள்ளுபடி.

"யப்பான்காரன் குண்டு போட்டவன் எண்டு சொன்னன் முனுசாமி" என்றார் கந்தையா வெளியே வந்ததும். "குண்டு இஞ்ச விழுந்தது, மனுசி ஏன் அங்க நிண்டவ எண்டு கேக்கிறார். இதுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

கோபத்தில் நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அதிகாரியை இல்லை, என்னைத்தான். ஊரில் எல்லோரும் செய்கிறதைச் செய்தேன், அது எனக்கு வினையாக வந்து முடிந்தது.

5

கொடி மாறிய நாளுக்கு முந்தைய வாரம் என்னிடம் வந்த கடைசி வேலை ஒரு பெரிய சிங்கக் கொடி. சிங்கம் கொழும்பிலிருந்து வெட்டி வந்திருந்தது, துணியில் வைத்து இரண்டு பக்கமும் பிசிறு தெரியாமல் தைக்கவேண்டும். நன்றாகவே தைத்தேன். யார் மேலோ இருக்கிற கோபத்தைத் துணியில் காட்டுகிறவன் தையற்காரன் இல்லை. அது ஏறுவதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சரோஜாவும் போயிருந்தாள். வெயிலில் முகம் சிவந்து, சந்தோஷமாக வந்தாள். "அப்பா, நீங்கள் தைச்ச கொடி எண்டு டீச்சருக்குச் சொன்னன்" என்றாள். அவள் என்னை நைனா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போல அப்பாதான். பேச்சும் இந்த ஊர்ப் பேச்சு. நாங்கள் "இன்னா" என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பிறகு துறைமுக யார்டில் இலங்கைக் குடிகளுக்கு மட்டும் வேலை என்றார்கள். வீட்டுக்கு வந்து மிஷினை வாசல் அறையில் போட்டுக்கொண்டேன். வந்த வரைக்கும் லாபம் என்று ஊருக்கே போய்விடலாம், இனி இங்கே என்ன என்று கன்னியம்மா சொன்னாள். கொழும்பில் இருக்கிற இந்திய ஆபீசில் மூன்று பேருக்கும் பாஸ்போர்ட் கேட்டு எழுதிப்போட்டேன். பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். தம்பி ஏழுமலை பொன்னேரி தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தான். ஊரைவிட்டு ஓடி இருபது வருஷம் ஆனவனுக்கு இன்னாத்துக்குய்யா இப்போ சர்ட்டிபிகேட்டு என்று கேட்டு அங்கே விரட்டிவிட்டார்கள். இத்தனை வருஷம் இலங்கையில் இருந்தவர்கள் இலங்கையின் ஆட்கள் என்று டெல்லி சொல்கிறது. இந்தியாவின் ஆட்கள் என்று கொழும்பு சொல்கிறது. இந்தத் துறைமுகத்துக்காக எத்தனை நாடு நாக்கைத் தொங்கப்போட்டது என்று எனக்குத் தெரியும். அதில் வேலை செய்த எங்களை வைத்துக்கொள்ள ஒரு நாட்டுக்கும் மனசில்லை.

சரோஜாவின் எழுத்து மட்டும் கிடைத்துவிட்டது. டாக்டரம்மாள் எழுதவைத்தது அப்படியே இருந்ததாம். அவளுக்கு மட்டும் பாஸ்போர்ட் தருகிறோம் என்றார்கள்.

"எடுக்காதேயும்" என்றார் கந்தையா. "இப்ப அவள் ஒரு நாட்டுக்காரியும் இல்லை. அப்பிடியே கண்ணில படாமல் இருக்கலாம். பாஸ்போட் எடுத்தால் வெளிநாட்டுக்காரி, இஞ்ச இருக்கிறதுக்கு வருசா வருசம் பேர்மிற் கேக்கவேணும். இல்லையெண்டால் அனுப்பிப்போடுவாங்கள்."

நான் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும் எடுத்தேன். எங்கள் பக்கத்தில் ரயிலில் கூட்டமாக இருந்தால் ஒரு பிள்ளையை முதலில் சன்னல் வழியே உள்ளே தள்ளிவிடுவோம். அது துண்டு போட்டு இடம் பிடிக்கும், மற்றவர்கள் பின்னால் ஏறிக்கொள்வோம். நாட்டுக்குள்ளேயும் அப்படித்தான் ஏறலாம் என்று நினைத்தேன். கலவரம் முடிந்ததும் கந்தையா யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார். அடுத்த மாசம் போலீசிலிருந்து ஆள் வந்தது. சரோஜாவின் பெர்மிட் இனிப் புதுப்பிக்கப்படாது, குறித்த நாளுக்குள் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்றார்கள்.

கன்னியம்மா அடுப்படியிலிருந்து வந்து என்னைப் பார்த்தாள். "துண்டு போட்டியே, இப்போ புள்ளைய மட்டும் இஸ்துக்கினு போவுது பாரு வண்டி" என்றாள்.

சரோஜா அழவில்லை. "என்னைக் கேட்டனீங்களோ அப்பா?" என்று மட்டும் கேட்டாள். கேட்கவில்லை அம்மா. பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டா நம் வீடுகளில் எதுவும் செய்கிறோம்? ஆனால் இதைக் கேட்டிருக்கலாம்.

6

வெள்ளிக்கிழமை போய்விட்டது. தலைமன்னாரில் அவளைக் கப்பல் ஏற்றிவிட்டுத் திரும்பிவந்து இதை எழுதுகிறேன்.

என்னை இங்கே அழைத்துவந்த அதே மரைக்காயருக்கும் பெர்மிட் முடிந்துவிட்டது. கடையைப் பூட்டிக்கொண்டு அவரும் அவர் வீட்டம்மாவும் பழவேற்காட்டுக்குப் போகிறார்கள். சரோஜாவை அவர்களோடுதான் அனுப்பினோம். "எம் புள்ளையாட்டம் பாத்துக்குறேன் முனுசாமி. மண்டபம் கேம்புல சோதனை முடிச்சு, மெட்ராஸ்ல வண்டி மாத்தி, ஒண்ணும் கவலப்படாத, இன்ஷா அல்லா" என்றார். வயசான மனுஷர். பழவேற்காட்டுக்குப் பொன்னேரியில் இறங்கவேண்டும். அதற்கப்புறம் கவரைப்பேட்டை, அதற்கப்புறம் கும்மிடிப்பூண்டி. அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் சரோஜா தனியாகப் போகவேண்டும். ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஏழுமலைக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். அவன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வருவானா, தந்தியைப் படித்துச் சொல்ல ஆள் கிடைத்ததா, ஒன்றும் தெரியாது.

துறையில் கம்பி வேலிக்கு இந்தப் பக்கமே எங்களை நிறுத்திவிட்டார்கள். வரிசையில் சரோஜாவின் முறை வந்தது. காகிதத்தைப் பார்த்த குமாஸ்தா, "சொந்த ஊருக்கோ?" என்று சிரித்தபடியே முத்திரை குத்தினார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். பெட்டியைத் தூக்கியவள், நாலடி போய்த் திரும்பி வேலியருகே வந்தாள்.

"அப்பா, கும்மிடிப்பூண்டியில எந்தப் பக்கத்தால இறங்கிறது?"

"சோத்துக்கைப் பக்கம்மா" என்றேன்.

"இன்னாய்யா சொல்ற நீ?" கன்னியம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "பீச்சாங்கைப் பக்கம்டீ. நான் வவுத்துல உன்ன தூக்கிக்கினு அங்கதான் எறங்கினேன். எனக்குத் தெரியாதா?"

"நான் அந்த ஸ்டேஷன்ல வளந்தவன்டி."

"வளந்தியாம்! எத்தினி வருசத்துக்கு முன்ன?"

பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். போலீஸ்காரன் போகச்சொல்லிக் கையைக் காட்டினான். "சோத்துக்கைப் பக்கம்" என்று நான் கத்தினேன். "பீச்சாங்கை, பீச்சாங்கை" என்று அவள் கத்தினாள். சரோஜா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரிய மனுஷியைப் போலச் சிரித்து, "சரி, விடுங்கோ. மற்ற ஆக்கள் இறங்கிற பக்கத்தால நானும் இறங்கிறன்" என்று சொல்லிவிட்டு மரைக்காயரம்மாவின் பின்னால் போய்விட்டாள்.

திரும்பும் ரயில் ஏறினோம். நாங்கள் சண்டை போடவில்லை. மதவாச்சி தாண்டியதும் கன்னியம்மா கேட்டாள்.

"ஏய்யா, அந்த வண்டில கும்மிடிப்பூண்டில எறங்கறதுக்கு வேற யாரும் இல்லன்னா?"